முழுங்கட்டுமா என்று கேட்ட மகனுக்கு

பிரகாசு,

நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் பஸ் ஏறி வந்தவள் நான். நீ செய்த ஒயினை நீயே ஒரு கிளாஸ் முழுங்கலாமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. மூன்று வாரம் ஆகிறது. தினமும் போன் பண்ணுகிறாய். சாப்பிட்டாயா, முட்டி வலி எப்படி, கிரைண்டர் கல்லை மாற்றினாயா என்றெல்லாம் கேட்கிறாய், அந்த ஒன்றை மட்டும் திரும்பக் கேட்பதில்லை. கேட்காமல் இருக்கிறாயே, அதுதான் என்னைப் போட்டு அரிக்கிறது. உன் இரண்டு பீப்பாயையும் பாட்டிலில் அடைக்க இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். போனில் சொல்லலாம் என்றால் நாலு வார்த்தைக்குள் நான் மாவு விலைக்குப் பேச்சை மாற்றிவிடுவேன், உன் பக்கம் ஏதாவது ஒரு மெஷின் ஓடும். அதனால் பத்தாவது வரை படித்ததற்கு இன்றைக்காவது பிரயோஜனம் இருக்கட்டும் என்று நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இதை நீ மட்டும் படித்து மடித்து வைத்துக்கொள்ள வேண்டாம். உன் முதலாளி நஞ்சப்பா சார் வீட்டிலும் படித்துக் காட்டு. ஆரணியில் நம் தெருவில் நானே படித்துக் காட்டப் போகிறேன். ஐந்து வருஷம் ஒளித்து வைத்ததெல்லாம் போதும்.

பதில் கடைசியில்தான் வரும். உன் அம்மா நேராக எதையும் சொல்ல மாட்டாள், மாவு பொங்குகிற மாதிரி நேரம் எடுத்துத்தான் சொல்வாள் என்று உனக்குத் தெரியும்.

முதலில் உன் அப்பாவைப் பற்றி. அவரைப் பற்றி நாம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசியதே இல்லை. ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிய கை அவருக்கு, ஆனால் உன் தலையில் எண்ணெய் தேய்க்கும்போது பஞ்சு மாதிரி இருக்கும். குடிக்காத நேரத்தில் அவரைப் போல ஒரு மனுஷனை நான் பார்த்ததில்லை. குடிக்காத நேரம் குறைந்துகொண்டே வந்தது, அவ்வளவுதான். தேவிகாபுரம் போகிற வழியில் இருக்கிற அந்த அம்மன் கோயிலுக்கு மூன்று முறை அழைத்துப் போய்க் கயிறு கட்ட வைத்தேன். முழுகிவிட்டு, ஈரத் துணியோடு, கற்பூரத்தின் மேல் கை வைத்து இனிமேல் தொட மாட்டேன் என்று சத்தியம் பண்ணுவார். பூசாரி எவ்வளவு நாளைக்கு என்று கேட்டு மஞ்சள் கயிறு கட்டுவார். மூன்று முறையும் கயிற்றில் மஞ்சள் வெளுப்பதற்குள் தொட்டுவிட்டார். நீ எட்டாவது படிக்கும்போது ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து எனக்கு ஒரே வேலை, உன் வாயை முகர்ந்து பார்ப்பது.

ஆமாம், முகர்ந்து பார்ப்பதுதான். நீ ஸ்கூல் விட்டு வந்தாலும் டியூஷன் விட்டு வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி ஊதச் சொல்வேன். இட்லி மாவு வாங்க வந்த நெசவுக்காரப் பெண்கள் பாத்திரத்தோடு நிற்பார்கள், உன் சிநேகிதர்கள் சைக்கிளில் கால் ஊன்றிக்கொண்டு நிற்பார்கள், நான் பாட்டுக்கு "ஊதுடா" என்பேன். நீ ஊதுவாய். ஒருநாள்கூட முறைத்ததில்லை. காலேஜ் போன பிறகும் விடவில்லை. உன் பெரிய மாமாகூட, "இன்னாக்கா, போலீஸ்காரன் மாரி நிறுத்தி வச்சிகினு கீறே, அவன் மூஞ்சியப் பாரு" என்றான். நான் பார்க்கவில்லை. என் மூக்கு வேலை செய்துகொண்டிருக்கும்போது கண் எங்கே பார்க்கும். அந்த மூஞ்சி இப்போது ஞாபகம் வருகிறது பிரகாசு. தப்பு பண்ணாதவனைத் தினமும் தப்பு பண்ணவன் மாதிரி நிற்க வைத்தேன். அது தப்பு என்று இத்தனை வருஷம் கழித்து எழுதுகிறேன்.

ஆனால் அந்த மூக்கு உனக்கும் வந்துவிட்டது. மாவுச் சட்டியைத் திறந்து, இன்னும் ஒரு மணி நேரம் போகணும்மா என்று சொல்வாய், சரியாக இருக்கும். வெயில் காலத்தில் ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைப்பது, மார்கழியில் கோணியைச் சுற்றி வைப்பது எல்லாம் உனக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே பிடிபட்டது. வேலூரில் மைக்ரோபயாலஜி சேர்ந்தபோது, "நம்ம மாவுல என்னா நடக்குதுன்னு படிக்கப் போறேம்மா" என்றாய். நான் தெரு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி மாவு விற்றேன். படித்து முடித்துவிட்டு, பெங்களூர் தாண்டி நந்தி மலைப் பக்கம் ஒரு குடும்பம் சின்னதாக ஒயின் செய்கிறது, அங்கே வேலை கிடைத்திருக்கிறது என்று வந்து நின்றாய். அப்போது நான் என்ன சொன்னேன் என்று நீ மறந்திருக்க மாட்டாய். உன் அப்பனைக் கொன்றதைச் செய்கிற இடத்துக்கா போகிறாய் என்றேன். ரெண்டு நாள் சோறு ஆக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு நிபந்தனை வைத்தேன். நீ சரி என்றாய். நிபந்தனை என்னவென்று கேட்காமலே சரி என்றாய்.

அந்த வெள்ளிக்கிழமையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஒரு சொட்டுகூடத் தொட்டறியாத பையனை அதே அம்மன் கோயிலில் குடிகாரர்கள் வரிசையில் ஈரத் துணியோடு நிறுத்தினேன். உனக்கு முன்னால் நின்ற ஆள், "இன்னா தம்பி, இந்த வயசுலியேவா?" என்று பாவமாகக் கேட்டார். நீ சிரித்தாய். பூசாரி எவ்வளவு நாளைக்கு என்று கேட்டபோது நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, ஆயுசுக்கும் என்றேன். சத்தியத்தையும் நானே சொன்னேன், நீ கையை மட்டும் கற்பூரத்தின் மேல் வைத்தாய். நோய் வராதவனுக்கு ஆபரேஷன் பண்ண மாதிரி ஒரு காரியம். நம் ஊர்க்காரிகளால்தான் முடியும். அதோடும் நிறுத்தவில்லை. தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் நீ ஜூஸ் கம்பெனியில் வேலை பார்ப்பதாகச் சொன்னேன். திராட்சை ஜூஸ் என்று. நீ லீவுக்கு வரும்போதெல்லாம் ஆளாளுக்கு ஜூஸ் பாட்டில் எடுத்துவரச் சொல்லிக் கேட்பார்கள், நீயும் ஆரணி பஸ் ஸ்டாண்டு கடையிலேயே நாலு பாட்டில் வாங்கிக்கொண்டு வந்து கொடுப்பாய். என் பொய்க்கு நீ செலவு பண்ணினாய். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை.

ஐந்து வருஷமாக நீ கூப்பிட்டும் நான் வரவில்லை. இந்தத் தடவை, "நானே செஞ்சதும்மா, ரெண்டு பீப்பா, யார் உதவியும் இல்லாம. ஒரு நாள் வந்து பார்த்துட்டுப் போயிடு" என்று சொன்னாயே, அந்தக் குரல் வேறு மாதிரி இருந்தது. விடிகாலையில் மிளகாய்ப் பொடி தடவிய இட்லியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு கிளம்பினேன். கண்ணமங்கலத்தில் பஸ் நின்றபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், நான் வந்தது உன் ஒயினைப் பார்க்க இல்லை. உன் கை நடுங்குகிறதா என்று பார்க்கத்தான் வந்தேன். உன் அப்பாவுக்குக் காலையில் டீ கிளாஸ் பிடிக்கும்போதே நடுங்கும்.

உன் கை நடுங்கவில்லை. வேனை நீ ஓட்டிக்கொண்டு வந்தபோதே பார்த்துவிட்டேன். நஞ்சப்பா சாரும் அவர் வீட்டம்மா சரோஜம்மாவும் வாசலில் வந்து நின்று கூப்பிட்டார்கள். நான் ஏதோ பெரிய ஃபாக்டரி, சாராய நெடி, ஆடிக்கொண்டு நிற்கிற ஆட்கள் என்றெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். பார்த்தால் ஒரு ஓட்டு வீடு, பின்னால் ஒரு ஷெட், சுற்றிலும் திராட்சைத் தோட்டம், கயிற்றில் காய்கிற துணி. நம் வீட்டு மாவுக் கடை கொஞ்சம் பெரிசானால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. உள்ளே போனதும் வந்த வாசனை எனக்குப் பழக்கமான வாசனை. புளிக்கத் தொடங்குகிற வாசனை. என் பயம் பாதி அங்கேயே கரைந்துவிட்டது என்று உனக்குத் தெரியாது.

நஞ்சப்பா சார் என்னைச் சோதித்துப் பார்த்தாரே, அது உனக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். முதல் டேங்கின் மூடியைத் திறந்து காட்டினார். திராட்சைத் தோலெல்லாம் மேலே வந்து பொங்கிக்கொண்டிருந்தது. நான் மூக்கை வைத்துவிட்டு, "இது சூடேறிப் போச்சுங்க. ஜல்தி ஜல்தின்னு ஓடுது, கொஞ்சம் ஆற வைங்க" என்றேன். அவர் தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்த்து, "சரியா சொன்னீங்கம்மா" என்று டேங்கைச் சுற்றி ஓடுகிற குளிர் தண்ணீர் பைப்பைத் திறந்துவிட்டார். உடனே எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் இருந்த பீப்பாயை முகர்ந்து, இது கெட்டுப் போச்சு, பழைய கோணி நாற்றம் அடிக்கிறது, கீழே ஊற்றிவிடுங்கள் என்றேன். நீங்கள் இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அங்கே இருப்பதிலேயே உசத்தி அதுதானாம். "பாதி மார்க்கும்மா" என்றார் அவர். பாதி மார்க் வாங்கினாலும் என் நாற்பது வருஷ மாவு வேலைக்கு முதல் முறையாக ஒருவர் மார்க் போட்டார்.

அப்புறம் பெங்களூரிலிருந்து காரில் வந்தவர்கள் ருசி பார்க்க உட்கார்ந்தார்கள். நீண்ட மேஜை, ஆளுக்கு நாலைந்து கிளாஸ். நீ நின்றுகொண்டு பேசினாய். கன்னடத்தில் ஒரு பக்கம், இங்கிலீஷில் ஒரு பக்கம். வெயில் அதிகமான வருஷம் இது, மழை பெய்த வருஷம் அது என்று சொல்லச் சொல்ல, படித்த பெரிய மனுஷர்கள் ஸ்கூல் பிள்ளைகள் மாதிரி தலையாட்டிக் கேட்டார்கள். ஊதுடா என்று நான் வாசலில் நிறுத்தி வைத்த பையன்தானே இது என்று எனக்கு நெஞ்சு விம்மியது. பெருமையாக இருந்தது பிரகாசு. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். நீ ஒரு வாய் எடுத்தாய். வாயில் வைத்துச் சுழற்றினாய், கண்ணை மூடினாய், குனிந்து எவர்சில்வர் வாளியில் துப்பினாய். உனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்து நான் எழுந்தேவிட்டேன். அடுத்த கிளாஸ், மறுபடியும் துப்பினாய். அடுத்தது, அதுவும் வாளியில். எனக்குத் தெரிந்த ஆண்பிள்ளை யாரும் வாய்க்குள் போனதை வெளியே விட்டதில்லை. உன் அப்பா கீழே சிந்தினதைக்கூட விரலால் தொட்டு நாக்கில் வைப்பார். நீ வாய் நிறைய எடுத்துவிட்டு, வேண்டியதைத் தெரிந்துகொண்டு, மீதியைத் துப்பிவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொள்கிறாய். அந்த வாளியைப் பார்த்து நான் அழுதேன். கண்ணில் தூசி என்று சொன்னது பொய்.

சரோஜம்மா ஓசூர்க்காரர், நம் பாஷையில் பேசினார். "அக்கா, துப்புறது இங்க எல்லாரும் செய்யறதுதான். ஆனா ராத்திரி சாப்பாட்டுக்கு நாங்க எல்லாரும் அரை கிளாஸ் குடிப்போம். இவன் மட்டும் தண்ணிதான். அஞ்சு வருஷமா ஒரு சொட்டு உள்ள போகலை. ஏன்னு கேட்டா சிரிப்பான்" என்றார். எனக்குத் தெரியும் ஏன் என்று. கார்கள் கிளம்பின பிறகு, களியும் கீரையும் போட்டு நாம் நாலு பேரும் உட்கார்ந்தபோது, நஞ்சப்பா சார் அந்த வீட்டு வழக்கத்தைச் சொன்னார். செய்தவன் சாப்பாட்டோடு உட்கார்ந்து ஒரு கிளாஸ் முழுசாகக் குடிக்க வேண்டும். வாயில் வைத்துத் துப்பினால் ஆரம்பம்தான் தெரியும், உள்ளே இறங்கின பிறகு அது எப்படி முடிகிறது என்று தெரியாது. குடித்துவிட்டு, சரி, என் பெயரைப் போடலாம் என்று அவன் சொன்ன பிறகுதான் லேபிள் ஒட்டுவார்களாம். அவர் அப்பா காலத்திலிருந்து அப்படித்தானாம்.

நீ உன் பீப்பாயிலிருந்து ஊற்றின கிளாஸை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாய். "அந்தக் கயிறு மொத மழையிலயே அறுந்து பூட்சும்மா. ஆனா சத்தியம் அப்படியேதான் கீது. முழுங்கட்டுமா? நீ சொன்னா முழுங்குறேன். இல்லன்னா சாரே குடிச்சுப் பார்த்து அவர் பேர் போட்டுக்கட்டும், எனக்கு வருத்தம் இல்ல." வருத்தம் இல்லை என்று சொன்னபோது உன் குரல் இறங்கியது. முப்பது வயசை நெருங்குகிற ஆண்பிள்ளை, அம்மா எங்கோ நூற்றைம்பது மைலுக்கு அப்பால் இருக்கும்போது, யாருக்கும் தெரியாமல் குடித்திருக்கலாம். நீ காத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். நான் களியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். நீ எழுந்து வேன் எடுக்கப் போனாய், அவர்கள் இரண்டு பேரும் எனக்குக் கொடுத்தனுப்பத் திராட்சை பறிக்கப் போனார்கள்.

இனிமேல் சொல்லப் போவது உனக்குத் தெரியாதது. மேஜையில் நானும் உன் கிளாஸும் மட்டும் இருந்தோம். எடுத்து முகர்ந்தேன். அதோடு வைத்துவிடத்தான் நினைத்தேன். என் பிள்ளை கையால் செய்தது, அதில் என்னதான் இருக்கிறது என்று ஒரு வாய் எடுத்தேன். துப்ப வாளியைத் தேடினேன், அதைக் கழுவ எடுத்துப் போயிருந்தார்கள். முழுங்கிவிட்டேன். வாளி இல்லாததால்தான் என்று சொல்ல ஆசைதான். வாளி இருந்திருந்தாலும் முழுங்கியிருப்பேன். இரண்டாவது வாயும் எடுத்தேன். வேனில் உன் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டே வந்தேனே, தூசிக்காக இல்லை. நீ முகர்ந்துவிடுவாயோ என்ற பயம்.

ஊருக்கு வந்து ஒரு வாரம் பேஜாராக இருந்தது. முதலில் தெருவில் உண்மையைச் சொன்னேன். எதிர்வீட்டு நெசவுக்காரம்மா, "அடிப்பாவி, அப்ப சாராயமா காய்ச்சுறான் உன் புள்ள?" என்றாள். ஒயின் என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானே" என்றாள். "அப்ப நீ நெய்யிற கைத்தறியும் அந்தாண்ட ஓட்டுற பவர்லூமும் ஒண்ணா?" என்று கேட்டேன். அன்றைக்கு மாவு வாங்காமல் போனாள், மறுநாள் வந்துவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். உன் சத்தியத்தை நீயில்லாமல் அவிழ்க்க முடியுமா என்று பூசாரியைக் கேட்டேன். நடந்ததெல்லாம் சொன்னேன், நான் குடித்ததையும் சேர்த்து. அவர், "அன்னிக்கு சத்தியம் சொன்னது யார் வாய்மா?" என்றார். என் வாய்தான் என்றேன். "அவன் வாயத் தொறந்தானா?" இல்லை என்றேன். "அப்ப அது உன் சத்தியம். நீ பண்ணே, நீயே மீறிட்டே. அவனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. போ, முழுகிட்டு வந்து வரிசையில நில்லு, ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேளு" என்றார்.

நின்றேன். ஈரப் புடவையோடு, முன்னால் எட்டு குடிகாரர்கள், பின்னால் நாலு பேர், நடுவில் நான். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்து, "யாருக்கும்மா? வூட்டுக்காரருக்கா, புள்ளைக்கா?" என்று பாவமாகக் கேட்டார். "எனக்குத்தாங்க" என்றேன். அவர் எனக்கு வழிவிட்டு முன்னால் நிற்கச் சொன்னார். உன்னை நிறுத்தின இடத்தில் நின்று பார்த்த பிறகுதான், நீ அன்றைக்கு அதே மாதிரி ஒரு கேள்விக்குச் சிரித்தாயே, அந்தச் சிரிப்புக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று தெரிந்தது. என் முறை வந்ததும் பூசாரி பழக்கதோஷத்தில் கயிற்றை எடுத்து, எவ்வளவு நாளைக்கு என்று கேட்டார். "கயிறு வாணாம் சாமி. இனிமே எனக்கோ என் புள்ளைக்கோ நாள் குறிக்கிறதா இல்ல" என்றேன்.

பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. உன் ரத்தத்தில் உன் அப்பாவும் இருக்கிறார். தனியாக உட்கார்ந்து குடிக்கத் தோன்றினாலோ, சாப்பாடு இல்லாமல் குடிக்கத் தோன்றினாலோ, எந்த நேரமானாலும் எனக்கு போன் போடு. நான் திட்ட மாட்டேன், முகர்ந்து பார்க்க மாட்டேன், அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவேன். உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால், அவனிடம் தப்பு இல்லாதபோது தப்பைத் தேடாதே. உனக்கு நான் சொல்கிற புத்திமதி இந்த இரண்டுதான். மற்றதெல்லாம் நான் உன்னிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சரி, பதில். நாளைக்கே களி கிண்டச் சொல்லி, நிதானமாக உட்கார்ந்து, உன் கிளாஸை முழுசாகக் குடி. நீ செய்ததன் முடிவு என்னவென்று எனக்குத் தெரிந்து, உனக்குத் தெரியாமல் இருப்பது நியாயமே இல்லை. அது எப்படி இருந்தது என்று நான் எழுத மாட்டேன். முழுங்கிவிட்டு நீ சொல்லு, உன் பெயரைப் போடலாமா என்று. நான் அன்றைக்கே போட்டுவிட்டேன்.

அம்மா